கொட்டாரம் பார்க்க எப்போது வரலாம்? பத்மநாபபுரம் பருவகால நடைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைக்குப் பக்கத்தில், வேளிமலை அடிவாரத்தில் இருக்கிறது பத்மநாபபுரம் அரண்மனை. ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் 'கொட்டாரம்'தான். நாங்கள் தக்கலை, நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள், பத்துப் பன்னிரண்டு பேர். ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர் ஒருவர், ஆசாரி ஒருவர், நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள் என்று கலவையான கூட்டம். வருஷத்தில் சில நாள்கள் மட்டும் வெளியூர் நண்பர்களை அழைத்துக்கொண்டு கொட்டாரத்தையும் அதைச் சுற்றியிருக்கும் கோட்டைக்குள் ஊரையும் நடந்து பார்ப்போம். ஒவ்வொரு தடவையும் போனில் அதே கேள்விகள் வருகின்றன. ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டால் எங்களுக்கும் தொண்டை மிச்சம்.

நவராத்திரிக்கு வருகிறோம். கொட்டாரத்து நவராத்திரி மண்டபத்தில் விழா எத்தனை மணிக்கு?

அதிகம் பேர் கேட்பது இதுதான், அதிகம் பேர் ஏமாறுவதும் இதில்தான். நவராத்திரி ஒன்பது நாளும் அந்த மண்டபம் காலியாகத்தான் இருக்கும். கொட்டாரத்துச் சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரம் போயிருப்பாள், ஊரில் இருக்க மாட்டாள்.

18-ம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மர் காலத்தில் எழுந்த மண்டபம் அது. முழுக்கக் கருங்கல். தூண்தூணாகச் சிற்பம், முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் கருந்தரை. ஓரத்தில் மரச்சல்லடை அடைத்த அறை ஒன்று உண்டு. அரச குடும்பத்துப் பெண்கள் வெளியே தெரியாமல் ஆட்டமும் பாட்டும் பார்க்க வைத்தது. நவராத்திரிக்கென்றே கட்டிய இடம், நவராத்திரியின்போது வெறிச்சோடிக் கிடக்கிறது. அந்த வெறுமையைப் பார்க்கவே ஒருமுறை வரலாம் என்பது எங்களில் சிலருடைய கட்சி. ஆனால் விழா பார்க்கும் ஆசையில் பிள்ளைகுட்டிகளோடு வருகிறவர்களிடம் அதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

ஆகவே நவராத்திரி தொடங்குவதற்கு முன்னே, அம்மன் கிளம்பும் நாளில் வாருங்கள். இல்லாவிட்டால் விஜயதசமி கழிந்து அவள் திரும்பும் நாளில் வாருங்கள்.

அம்மன் ஏன் திருவனந்தபுரம் போகிறாள்?

அரசன் அங்கே போனதால். 1795-ல் தர்மராஜா என்று பெயர்பெற்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்மர் காலத்தில் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. திருவிதாங்கூரில் நவராத்திரி பூஜை அரசனின் கடமை. அரசன் இடம் மாறினாலும் தெய்வத்தின் குடியிருப்பை மாற்றிவிட முடியாதே. வருஷத்துக்கு ஒருமுறை போய் வரட்டும் என்று ஏற்பாடு ஆயிற்று. சுவாதித் திருநாள் காலத்தில் (1829–1846) திருவனந்தபுரத்து விழாவுக்கு இன்றுள்ள இசை வடிவம் அமைந்தது.

சரஸ்வதி மட்டும் போவதில்லை. மூன்று பேர் போகிறார்கள். கொட்டாரத்துக்குள் இருக்கும் தேவாரக்கெட்டு என்ற கோவிலின் சரஸ்வதி அம்மன் யானை மீது. வேளிமலைக் குமாரகோவில் குமாரசுவாமி பல்லக்கில். அவருடைய வெள்ளிக்குதிரையும் கூடவே போகும். சுசீந்திரம் முன்னுதித்த நங்கை இன்னொரு பல்லக்கில்.

சரஸ்வதியைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. கம்பர் கையால் பூஜித்த திருமேனி அது. முதுமையில் அவர் சேர அரசனிடம் ஒப்படைத்து, ஆண்டுதோறும் நவராத்திரி பூஜை தவறாமல் நடத்த வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டார் என்பார்கள். ஆதாரம் கேட்டால் எங்களிடம் இல்லை. ஆனால் அரசாட்சி போய், நாடு இரண்டு மாநிலங்களாகப் பிரிந்த பிறகும் அந்த வாக்கு நிறைவேறிக்கொண்டுதான் இருக்கிறது.

புறப்பாட்டு அன்று என்ன நடக்கும்? எத்தனை மணிக்கு வர வேண்டும்?

ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள். எட்டு மணிக்கு வந்து 'இன்னும் ஆரம்பிக்கலையா' என்று கேட்பவர்கள் முக்கியமானதைத் தவறவிட்டிருப்பார்கள்.

கதை முந்தின நாளே தொடங்கிவிடும். சுசீந்திரத்திலிருந்து நங்கை அம்மன் கிளம்பிப் பத்மநாபபுரம் வந்து தங்குவாள். குமாரசுவாமியும் மலையடிவாரக் கோவிலிலிருந்து இறங்கி வந்து சேருவார்.

காலையில் முதல் சடங்கு உடைவாள் கைமாறுவது. கொட்டாரத்தில் உப்பிரிக்கை மாளிகை என்று நாலு நிலை மாளிகை ஒன்று உண்டு. அரசரின் உடைவாளை அங்கே வைத்துப் பூஜை செய்து, கேரள அரசுப் பிரதிநிதிகளும் தமிழ்நாட்டு அறநிலையத்துறை அதிகாரிகளும் முறைப்படி கைமாற்றிக்கொள்வார்கள். அந்த வாள் ஊர்வலத்தின் முன்னே போகும். அரசன் கூட வருகிறான் என்று அர்த்தம். இரண்டு மாநில அமைச்சர்கள், அதிகாரிகள், இரண்டு போலீஸ் படைகளின் அணிவகுப்பு மரியாதை, ஒரு பக்கம் செண்டை, ஒரு பக்கம் நாதஸ்வரம், பூவும் பழமும் தட்டில் ஏந்திய ஊர்ப்பெண்கள், நடுவில் எதையும் கண்டுகொள்ளாமல் ஓலை தின்னும் யானை. கொட்டார முற்றம் அவ்வளவு பெரிதல்ல. இத்தனையும் அதற்குள் அடங்க வேண்டும்.

எங்களுக்குப் பிடித்தது ஊர்வலம் கோட்டையைத் தாண்டின பிறகு வரும் காட்சி. தெருவில் வீட்டுக்கு வீடு குத்துவிளக்கு ஏற்றி, வாசலில் கோலம் போட்டு, தட்டத்தில் பழமும் பூவும் வைத்துக் காத்திருப்பார்கள். மந்திரிகளும் கேமராக்களும் கிளம்பிப்போன பின் அந்தத் தெருவில் சும்மா நில்லுங்கள். பாட்டிமார் 'போயிட்டு வா அம்மா' என்று, மகளை மறுவீட்டுக்கு அனுப்புகிற மாதிரி சொல்வதைக் கேட்கலாம்.

நாங்களும் கூடவே நடக்கலாமா?

நடக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். முதல் நாள் இரவு குழித்துறையில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் எல்லை தாண்டும்போது கேரளத்துக்காரர்கள் வரவேற்பார்கள். அன்று இரவு நெய்யாற்றின்கரை. மூன்றாம் நாள் கரமனை வழியாகத் திருவனந்தபுரம் கோட்டையகம். மொத்தம் 55 கிலோமீட்டர் சுமாருக்கு வரும். பழைய ராஜபாட்டைதான் இப்போது தேசிய நெடுஞ்சாலை; லாரியும் பஸ்ஸும் ஓரத்தில் உறுமிக்கொண்டு நிற்க, நடுவில் யானை போகும். எங்களோடு வருபவர்களைத் தக்கலை சந்திப்பு வரை மட்டும் நடத்திக் கூட்டிப்போகிறோம். அதற்கு மேல் அவரவர் கால், அவரவர் பொறுப்பு.

திருவனந்தபுரத்துக் கச்சேரி?

அது எங்கள் எல்லைக்கு வெளியே. இருந்தாலும் கேட்கிறவர்களுக்கு நாலு வார்த்தை. அங்கே சரஸ்வதி பத்மநாபசுவாமி கோவிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலை தேவி கோவிலிலும், நங்கை செந்திட்டை பகவதி கோவிலிலும் தங்குவார்கள். மண்டபத்தில் தினமும் மாலையில் கச்சேரி. சுவாதித் திருநாள் இயற்றிய ஒன்பது கிருதிகள், நாளுக்கு ஒன்று, ராகமும் மாறாது: சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஆரபி. பாட்டு முடிந்தால் கைதட்டக் கூடாது. இது கச்சேரியல்ல, பூஜை. ஆண்கள் வேட்டியோடுதான் உட்கார வேண்டும். பெண்களுக்கு அந்த மேடை வெகுகாலம் மூடியே கிடந்தது. 2006-ல் பாறசாலை பொன்னம்மாள் அங்கே அமர்ந்து பாடிய முதல் பெண் ஆனார். அவருக்கு அப்போது எண்பது வயதுக்கு மேல். எங்கள் நடைகளில் இதைச் சொல்லும்போது, 'இவ்வளவு தாமதமாகவா' என்று யாராவது ஒரு பெண்பிள்ளை கேட்காமல் இருந்ததில்லை. சரஸ்வதிக்கு முன்னால் பெண் பாடக் கூடாது என்பதை எப்படித்தான் அத்தனை காலம் நியாயப்படுத்தினார்களோ.

திரும்பி வரும் நாள் பற்றி யாருமே எழுதுவதில்லையே?

உண்மைதான். கிளம்பும் நாளைப் பத்திரிகைகள் எழுதும், திரும்பும் நாளை ஊர்தான் நினைவில் வைத்திருக்கும். விஜயதசமி அன்று குமாரசுவாமி பூஜப்புரை மண்டபத்துக்கு எழுந்தருளுவார். அப்புறம் ஒரு நாள் ஓய்வு, அதை 'நல்லிருப்பு' என்பார்கள். பிறகு வந்த வழியே நெய்யாற்றின்கரை, குழித்துறை என்று தங்கித் தங்கித் திரும்புவார்கள்.

கூட்டம் குறைவு, பேச்சுகள் கிடையாது. அவரவர் சாமியை அவரவர் ஊருக்கு அழைத்துப்போகும் அமைதியான வேலை. இரண்டு வாரங்களுக்கு முன்னால் கைகூப்பி வழியனுப்பிய அதே பாட்டி அதே வாசலில் அதே விளக்கோடு நிற்பாள். இரண்டு நாளில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதற்கே வாருங்கள் என்போம். ஒவ்வொரு வருஷமும் சொல்கிறோம், யாரும் கேட்பதில்லை.

வேறு எந்தப் பருவத்தில் நடை உண்டு?

மாசியில், மகாசிவராத்திரி அன்று. சிவாலய ஓட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கல்குளம், விளவங்கோடு வட்டாரத்தில் இருக்கும் பன்னிரண்டு சிவன் கோவில்களை ஓடியே தரிசிப்பது. முஞ்சிறைப் பக்கம் திருமலையில் தொடங்கி திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம் வழியாக வந்து, ஏழாவதாக அவர்கள் சேருமிடம் கல்குளம் நீலகண்டசுவாமி கோவில். அது எங்கள் கோட்டைக்குள்ளேதான் இருக்கிறது. பத்மநாபபுரத்துக்கே பழைய பெயர் கல்குளம்தான். அதன்பின் மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, கடைசியில் திருநட்டாலம். கூட்டிப் பார்த்தால் 100 கிலோமீட்டருக்கு மேல்.

விசேஷம் என்னவென்றால், சிவனைப் பார்க்க ஓடுகிறவர்கள் வாயில் 'கோவிந்தா, கோபாலா' என்ற கோஷம். பீமன் பாதி மனிதனும் பாதி மிருகமுமான புருஷாமிருகத்திடம் சிக்காமல் ஓடிய கதையை அதற்குக் காரணமாகச் சொல்வார்கள். அந்த மிருகம் தீவிர சிவபக்தன், விஷ்ணு பெயர் காதில் விழுந்தால் ஆகாது. பீமனிடம் கிருஷ்ணன் பன்னிரண்டு உருத்திராட்சம் கொடுத்தனுப்பினான். துரத்தல் நெருங்கும்போதெல்லாம் பீமன் ஒன்றைக் கீழே போட, அது லிங்கமாக முளைக்க, மிருகம் நின்று பூஜை செய்ய, பீமன் ஓட, இப்படியே பன்னிரண்டு இடம். கடைசி இடமான திருநட்டாலத்தில் அரியும் அரனும் ஒன்று என்று தெளிந்து கதை முடியும். அங்கே சங்கரநாராயணர் இருக்கிறார்.

காவி வேட்டி, இடுப்பில் சிறு பை, கையில் பனையோலை விசிறி. வெறுங்காலோடு தார்ச்சாலையில் வருவார்கள். வழிநெடுக மோரும் சுக்குநீரும் கஞ்சியும் ஊர்க்காரர்கள் ஊற்றுவார்கள். எங்கள் 'நடை' அன்று நடையே அல்ல. நீலகண்டசுவாமி கோவில் தெப்பக்குளப் படியில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்ப்பதோடு சரி. இப்போது பைக்கிலும் வேனிலும் ஓடுகிறவர்கள் அதிகம். அதைக் கிண்டல் செய்ய எங்களுக்கு அருகதை இல்லை, நாங்கள் உட்கார்ந்துதானே இருக்கிறோம்.

கார்த்திகையில் போலீஸ்காரர்கள் காவடி எடுப்பார்களாமே, நிஜமா?

நிஜம். கார்த்திகை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை தக்கலைக் காவல் நிலையத்திலிருந்து போலீஸ்காரர்களும், பக்கத்திலிருந்து பொதுப்பணித்துறைக்காரர்களும் வேளிமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போவார்கள். மன்னராட்சிக் காலத்துப் பழக்கம். நாட்டில் குற்றம் குறையவும் மழை பெய்து விளைச்சல் பெருகவும் வேண்டுதல் என்பார்கள். குற்றம் குறைய வேண்டும் என்று போலீஸே முருகனிடம் மனுக்கொடுக்கும் இடம் வேறெங்கும் இருக்கிறதா என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

அதே கோவிலில் பங்குனி அனுஷத்தில் திருக்கல்யாணம். வள்ளி பிறந்த மலை இதுதான் என்பது இங்குள்ள நம்பிக்கை. தங்கள் பெண்ணைக் கூட்டிப்போகும் முருகனை மலைக்குறவர்கள் வழிமறித்துச் சண்டை போடும் 'குறவர் படுகளம்' பார்க்க வேண்டிய ஒன்று. கொட்டாரத்திலிருந்து கொஞ்ச தூரம்தான், நாங்கள் காலையில் கொட்டாரம், பிற்பகலில் குமாரகோவில் என்று வைத்துக்கொள்கிறோம்.

கோவில் விழாக்கள் மட்டும்தானா?

இல்லை. தக்கலையில் பீர்முகமது அப்பா தர்கா இருக்கிறது. தென்காசியில் பிறந்து இங்கே வந்து தறி நெய்து வாழ்ந்த சூஃபி ஞானி, பெரிய தமிழ்ப் புலவர். ரஜப் மாதம் 14-ம் இரவு அவருடைய பாடல்களை இரவெல்லாம் கூடி ஓதுவார்கள். அரபு மாதக் கணக்கு என்பதால் நம் நாள்காட்டியில் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே போகும். கொட்டாரம் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குத் தக்கலை பாதிதான் தெரியும்.

தமிழ்நாட்டுக்குள் இருக்கும் அரண்மனை ஏன் கேரளத்திடம் இருக்கிறது?

1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்குப் பின்னால் நேசமணி தலைமையில் நடந்த நீண்ட போராட்டமும் உயிர்ப்பலிகளும் உண்டு. நிலம் இந்தப் பக்கம் வந்தது. கொட்டாரம் மட்டும் திருவிதாங்கூர் அரசின் சொத்து என்ற கணக்கில் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் நின்றுவிட்டது. ஆக, கோட்டைக்குள் ஊர் தமிழ்நாடு, கொட்டாரத்து மதிலுக்குள் டிக்கெட் கேரளம். இதில் யாருக்கு உரிமை என்று எங்கள் கூட்டத்திலேயே இரண்டு கட்சி. பராமரிப்பு நன்றாக இருக்கிறது என்பதில் மட்டும் ஒரே கட்சி. 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் இருக்கிறது.

உள்ளே கட்டாயம் பார்க்க வேண்டியது?

எல்லாரும் அரைமணியில் ஓடி முடித்துவிடுகிறார்கள். ஒருவழிப் பாதை, அறைக்கு அறை ஒரு ஊழியர் நின்று ஒப்பிப்பார், பின்னால் வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் தள்ளுவார்கள். எனவே சில இடங்களில் வேண்டுமென்றே நில்லுங்கள்.

முதலில் பூமுகம், அதாவது முகப்பு மண்டபம். மேலே அண்ணாந்து பாருங்கள். மர உட்கூரையில் 90 பூக்கள், ஒன்று போல ஒன்று இல்லை. எங்கள் ஆசாரி நண்பர் கழுத்து வலிக்க வலிக்க ஒவ்வொரு முறையும் எண்ணுவார். அங்கேயே சங்கிலியில் தொங்கும் குதிரை விளக்கு. எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கமே நிற்கும்படி சமன் செய்தது.

மாடியில் மந்திரசாலை. ராஜா மந்திரிகளோடு ஆலோசனை செய்த அறை. ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் வண்ண அப்பிரகத் (மைக்கா) தகடு. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே மங்கலான, குளிர்ந்த வெளிச்சம். முடிந்தால் நடுப்பகலில் அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

தாய்க் கொட்டாரம்தான் மிகப் பழையது, 16-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய நாலுகெட்டு வீடு. முற்றத்தருகே ஒற்றைப் பலாமரத்தில் கடைந்த தூண். அரண்மனை என்ற பிரமாண்டம் எதுவும் இருக்காது, பெரிய தறவாட்டு (பரம்பரைக் கூட்டுக்குடும்ப) வீட்டுக்குள் நுழைந்தது மாதிரி இருக்கும். எங்களைக் கேட்டால் இந்தக் கொட்டாரத்தின் அழகே அதுதான். கல்கோட்டையும் தங்கமும் எதிர்பார்த்து வடநாட்டு அரண்மனைகளைப் பார்த்த கண்ணோடு வருகிறவர்கள், 'இவ்வளவுதானா' என்று உதட்டைப் பிதுக்குவார்கள். மரமும் ஓடும் நிழலும்தான் இங்கே செல்வம்.

ஊட்டுப்புரை நீளமான இரண்டடுக்குக் கூடம்; ஆயிரம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் சாப்பிட்டிருக்கிறார்கள். அங்கே இருக்கும் ஊறுகாய்ப் பரணிகளைப் பார்த்தால் குழந்தைகளுக்கு ஒரே குஷி, உள்ளே ஒளிந்துகொள்ளலாம் போல. மணிமேடைக் கடிகாரம் எடைக்கல்லின் இழுப்பில் ஓடுகிறது. உப்பிரிக்கை மாளிகையின் மேல்நிலையில் சுவரெல்லாம் ஓவியம், ஆனால் பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. எங்களுக்கும் கிடையாது, சிபாரிசு கேட்காதீர்கள்.

கறுப்புத் தரைக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்தார்கள் என்பது உண்மையா?

சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, செடிச்சாறு என்று பட்டியல் சொல்வார்கள். சுண்ணாம்புக் காரையில் முட்டைக்கரு சேர்ப்பது தென்னாட்டில் புதிதல்ல. செட்டிநாட்டுச் சுவர்களுக்கும் அதே பேச்சு உண்டு. அளவு என்ன, எத்தனை நாள் தேய்த்தார்கள் என்று வழிகாட்டிக்கு வழிகாட்டி மாறும். வெறுங்காலோடு நடந்து பாருங்கள், சித்திரை வெயிலிலும் சில்லென்றிருக்கும். அதற்கு எந்த ஆதாரமும் தேவையில்லை.

ரகசியச் சுரங்கம்?

சாரோட்டுக் கொட்டாரம் என்ற இன்னொரு அரண்மனை வரை போகிறது என்கிறார்கள். அடைத்தாயிற்று. அடுத்த கேள்வி.

ராஜாக்கள் புகழ் மட்டும்தான் பாடுவீர்களா?

மாட்டோம். இதைக் கேட்டவர் கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டார். அந்தக் கோபம் நியாயமானது.

1750-ல் மார்த்தாண்டவர்மர் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்து 'பத்மநாபதாசன்' ஆனார் என்பதைச் சொல்லும்போதே, அந்த ராஜ்ஜியத்தில் பெரும்பான்மை மக்கள் கோவில் தெருவில்கூட நடக்க முடியவில்லை என்பதையும் சொல்கிறோம். ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-ல்தான். நாடார் பெண்கள் மாரை மறைத்து உடுத்துவதற்கு அரசாணை பெற 1859 வரை அடியும் உதையும் பட்டுப் போராட வேண்டியிருந்தது. எங்களோடு நடக்கும் பலருடைய பூட்டிகள் அந்தப் போராட்டத் தெருக்களில் நின்றவர்கள்.

நட்டாலத்தில் பிறந்த நீலகண்டபிள்ளை இந்தக் கொட்டாரத்தில் உத்தியோகம் பார்த்தவர். 1745-ல் கிறிஸ்தவராகித் தேவசகாயம் ஆனார். சிறையும் சித்திரவதையும் கழிந்து 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. அவருக்கு அந்த நம்பிக்கையை அறிமுகப்படுத்தியவர் டிலனாய், 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி. பிடித்த ராஜாவுக்கே பிறகு படைப் பயிற்சி கொடுத்துத் தளபதியானவர். அவர் கல்லறை பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது, இறந்தது 1777-ல். கல்லில் இலத்தீனும் தமிழும் சேர்த்தே வெட்டியிருக்கிறது. நேரம் இருக்கும் நாள்களில் நடையை அங்கேதான் முடிக்கிறோம்.

மழைக்காலத்தில் வரலாமா?

தாராளமாக. இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடியில் ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் ஒன்று. மழையை உத்தேசித்துக் கட்டிய வீடு இது. சரிந்து இறங்கும் ஓட்டுக்கூரை, தாழ்ந்த இறவாரம், காற்று புகுந்து போகும் மரச்சட்டச் சாய்வு ஜன்னல், நடுமுற்றத்தில் கொட்டும் தண்ணீர். வெயிலில் வந்தால் அருங்காட்சியகம், மழையில் வந்தால்தான் வீடு. குடை மட்டும் போதாது, செருப்பை வாசலில் விட்டுவிட வேண்டும் என்பதால் திரும்பி வரும்போது அது நனைந்து கனத்திருக்கும். ஒரு பிளாஸ்டிக் பை கொண்டுவாருங்கள்.

வயதானவர்களை அழைத்துவரலாமா?

முட்டி வலி உள்ளவர்களுக்குச் சிரமம். படிகள் குறுகல், செங்குத்து, கைப்பிடி எல்லா இடத்திலும் இல்லை. கீழ்த்தளத்தையும் நவராத்திரி மண்டபத்தையும் மட்டும் பார்த்துவிட்டு முற்றத்தில் உட்காரலாம். வாசல்நிலைகள் தாழ்வு. குனியாமல் போனால் நெற்றி வீங்கும். அழைத்துப்போகிறவர்களை எச்சரித்துக்கொண்டே பின்னோக்கி நடந்து நானே இரண்டு முறை இடித்துக்கொண்டிருக்கிறேன்.

பணம் ஏதும் கட்ட வேண்டுமா? எப்படி வருவது?

எங்களுக்கு ஒன்றும் வேண்டாம். கொட்டார நுழைவுச்சீட்டும் கேமராச் சீட்டும் அவரவர் எடுக்க வேண்டும், கட்டணம் வாசல் பலகையில் இருக்கும். நாகர்கோவில்–திருவனந்தபுரம் பஸ்ஸில் தக்கலையில் இறங்கினால் ஆட்டோவில் ஐந்து நிமிடம். ரயிலில் என்றால் இரணியல் அல்லது நாகர்கோவில். காலை 9 முதல் 1 வரை, பிறகு 2 முதல் 4.30 வரை திறந்திருக்கும். 4 மணிக்கு வந்து நிற்காதீர்கள், விரட்டி விரட்டிக் காட்டுவார்கள்.

சாப்பாடு?

தக்கலையில் நல்ல கடைகள் உண்டு. கொட்டார வாசலில் கிடைக்கும் மட்டிப்பழம் வாங்கிச் சாப்பிடுங்கள். விரல் நீளம்தான் இருக்கும், வாசனை ஊரையே கூப்பிடும். புவிசார் குறியீடு வாங்கிய பழம் என்று சொல்லி விலையைக் கொஞ்சம் ஏற்றுவார்கள், பரவாயில்லை.

திங்கட்கிழமை வந்து இறங்கிவிட்டோம். பூட்டியிருக்கிறது. என்ன செய்ய?

திங்கட்கிழமை விடுமுறை. பத்து பேரில் இரண்டு பேராவது திங்கட்கிழமைதான் வருகிறார்கள். சரி, வந்தது வந்துவிட்டீர்கள். கோட்டைக்குள் தெருக்களைச் சுற்றுங்கள். நீலகண்டசுவாமி கோவில் நடை அடைப்பதற்குள் உள்ளே போய்வாருங்கள். அப்புறம் குமாரகோவில். இன்னும் நேரம் இருந்தால் 115 அடி உயர மாத்தூர்த் தொட்டிப்பாலத்தில் நடந்துவிட்டுத் திற்பரப்பில் குளித்துவிட்டு வாருங்கள். செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கு வாசலில் நாங்கள் நிற்போம்.